சொல்வடிகட்டியை அமைப்பவர் அறிய வேண்டியவை

இணையப் பதிவுகளில் வசைச்சொற்களைத் தேடித் தடுக்கும் தானியங்கிச் சொல்வடிகட்டி எழுத்துகளை ஒப்பிடுமே தவிரப் பொருளை அறியாது. 1996ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் நகரத்தார் ஏஓஎல் என்ற இணையச் சேவையில் கணக்குத் தொடங்க முடியாமல் போனதற்கு, அந்த ஊர்ப்பெயருக்குள் ஒரு வசைச்சொல்லின் எழுத்துகள் தற்செயலாக அமைந்திருந்ததே காரணம். உருபேற்று வடிவம் மாறும் தமிழ்ச் சொற்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல்.

ஆகவே தடைப்பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்க்கும் முன் அதன் வடிவங்களை எழுதிப் பாருங்கள். ‘நாய்’ என்று மட்டும் சேர்த்தால், புள்ளி இல்லாத ‘நாயே’ என்ற வசவு தப்பிவிடும். புள்ளியை நீக்கி ‘நாய’ என்று சேர்த்தாலோ, கணினி யகரத்தையும் ஏகாரக் குறியையும் தனித்தனியே சேமிப்பதால் ‘நாயே’ அகப்படும். கூடவே நாயகனும் நாயகியும் விநாயகம் என்று பெயர் வைத்துக்கொண்டவரும் அகப்படுவார்கள். ஒவ்வொரு வடிவத்தையும் தனியே கொடுத்து, முழுச்சொல்லாக ஒப்பிடச் செய்வதே பாதுகாப்பு. ஆனால் பைத்தான் நிரல்மொழியில் சொல்வடிவங்களைத் தேட உதவும் ‘re’ என்ற ரெகெக்ஸ் தொகுதியின் சொல்லெல்லைக் குறியை நம்ப வேண்டாம். துணைக்கால், புள்ளி போன்றவற்றை அது எழுத்தாகக் கொள்ளாமல் சொல்லின் நடுவிலேயே எல்லை வைத்துவிடும். இடைவெளியையும் நிறுத்தக்குறிகளையும் எல்லையாகக் கொள்ளுங்கள்.

‘கொ’ என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. எனவே ஒப்பிடுவதற்கு முன் இத்தகைய இருவகைச் சேமிப்பையும் ஒன்றாக்கும் யூனிகோட் இயல்பாக்கம் செய்து, எழுத்துகளுக்கிடையே ஒளிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத அகலமில்லாக் குறியீடுகளையும் நீக்கிவிடுங்கள்.

இத்தனை செய்த பிறகும் தீராத குறை ஒன்று உண்டு, என்னை மிகவும் வருத்துவதும் அதுதான். “நீ வாயைத் திறக்காமல் இருந்தாலே எல்லோருக்கும் நிம்மதி” என்ற வாக்கியம் எந்தத் தடையுமின்றி வெளியாகும். “என்னை நாயே என்று திட்டினார்” என்று முறையிடுபவரின் வாக்கியமோ தடுக்கப்படும். அடிபட்டவரின் வாயை அடைக்கும் கருவியை யாரும் தெரிந்தே விரும்ப மாட்டார்கள். அதனால் வடிகட்டியிடம் அழிக்கும் அதிகாரத்தைக் கொடுக்காமல், ஐயத்துக்குரியதை நிறுத்திவைக்கும் வேலையை மட்டும் கொடுங்கள். முன்பின் வாக்கியங்களோடு சேர்த்துப் படித்து முடிவெடுப்பவர் அந்த வட்டார வழக்கை அறிந்த மனிதராக இருக்கட்டும். எழுதியவருக்கும் எந்தச் சொல்லால் நிறுத்தப்பட்டது என்பதைத் தெரிவியுங்கள்.

புதிய பட்டியலை நடைமுறைக்குக் கொண்டுவருமுன், ஏற்கெனவே வெளியான சில நூறு நல்ல பதிவுகளை அதன் வழியே செலுத்தி, தவறாகச் சிக்கியவற்றை ஒவ்வொன்றாகப் படித்துப் பட்டியலைத் திருத்துங்கள்.