‘பெர்கன் ஹில்’ என்றால் எந்த பெர்கன் ஹில்? பழைய கனிம லேபிளிலிருந்து இடத்தைக் கண்டுபிடிக்கும் வழி

பழைய கனிமச் சேகரிப்புகள் விற்பனைக்கு வரும்போது கல்லோடு ஒரு சின்னக் காகிதமும் வரும். மங்கிய மையில் கனிமத்தின் பெயர், ஊரின் பெயர், சில சமயம் விலை. வருடம் பெரும்பாலும் இருக்காது. அந்த ஊர்ப் பெயரைப் பிடித்துக்கொண்டு, கல் உண்மையில் எங்கே வெட்டி எடுக்கப்பட்டது என்று தேடுவது தனிப் பொழுதுபோக்கு. சுத்தியல் தேவையில்லை, இணையம் போதும்.

புதிதாக இறங்குபவர்கள் எல்லோரும் முதலில் செய்வது, ஊர்ப் பெயரை இன்றைய மேப்பில் தட்டிப் பார்ப்பது. அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதலில் காலம், அப்புறம்தான் இடம். ஏன் என்பதற்கு அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள பெர்கன் ஹில்லையே எடுத்துக்கொள்வோம். கையில் இருப்பது ‘டாடோலைட், பெர்கன் ஹில், நி.ஜெ.’ என்ற லேபிள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: லேபிளுக்கு வயது கண்டுபிடியுங்கள்

லேபிளில் வியாபாரியின் பெயரும் முகவரியும் அச்சாகியிருந்தால் பாதி வேலை முடிந்தது. பிலடெல்பியாவின் பிரபல கனிம வியாபாரி ஏ. ஈ. ஃபூட் 1895-இல் இறந்தார். அவர் போன்றவர்கள் அடிக்கடி கடை மாற்றினார்கள், ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு காலம் உண்டு. ‘மினரலாஜிக்கல் ரெக்கார்ட்’ இதழின் இணையதளத்தில் பழைய வியாபாரிகள், சேகரிப்பாளர்களின் வாழ்க்கைக் குறிப்புகளும் லேபிள் படங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் லேபிளை அவற்றோடு ஒப்பிடுங்கள்.

முகவரி இல்லையா? ஊர்ப் பெயரே காலத்தைக் காட்டிக்கொடுக்கும். துத்தநாகத் தாதுவுக்கும் ஒளிரும் கற்களுக்கும் பேர்போன நியூ ஜெர்சியின் ஃபிராங்க்ளின், 1913-இல் தனி நகராட்சியாவதற்கு முன் ‘ஃபிராங்க்ளின் ஃபர்னஸ்’ என்று அழைக்கப்பட்டது. அதே மாநிலத்தின் வெஸ்ட் பேட்டர்சன் 2009-இல் உட்லேண்ட் பார்க் ஆனது. நம் ஊரிலும் இதே கதைதான். குருந்தக் கல்லுக்குப் பெயர்பெற்ற சித்தம்பூண்டியைப் பழைய கட்டுரைகள் சேலம் மாவட்டம் என்று சொல்லும்; 1997-லிருந்து அது நாமக்கல்.

படி 2: அந்தக் காலத்து எழுத்தைத் தேடிப் படியுங்கள்

பழைய நூல்களை ஏற்றி வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ், ஹாத்திடிரஸ்ட், கூகுள் புக்ஸ் ஆகிய மூன்று தளங்களிலும் ஒரு கணக்கு தொடங்கிவிடுங்கள். அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டு கடந்தவை பதிப்புரிமை நீங்கி முழுதாகத் திறந்திருக்கும். மிகப் பழையதென்றால் சாமுவேல் ராபின்சன் 1825-இல் போட்ட அமெரிக்கக் கனிமப் பட்டியல் இருக்கிறது, ஊர் ஊராகப் பிரித்தது. அடுத்து 1894 முதல் 1909 வரை நியூயார்க்கில் வந்த ‘தி மினரல் கலெக்டர்’. பிறகு 1926-இல் பீட்டர் ஸோடாக் தொடங்கிய ‘ராக்ஸ் அண்ட் மினரல்ஸ்’. நியூயார்க் சுற்றுவட்டாரம் என்றால், ஜேம்ஸ் மான்செஸ்டர் எழுதி 1931-இல் வந்த கனிம நூலும் வேண்டும்.

இந்த இதழ்களில் கட்டுரையைவிடச் சுவையானவை ஓரத்துச் செய்திகள்தான். கல் மாற்றிக்கொள்ளும் விளம்பரங்கள், சங்கக் கூட்டக் குறிப்புகள், வாசகர் கடிதங்கள் ஆகியவற்றை விடாதீர்கள். ஒரு இடம் சூடாக இருந்த வருடத்தில் அந்தக் கனிமத்தை ஆளாளுக்கு மாற்றுக்கு வைத்திருப்பார்கள். வரத்து நின்ற பிறகு, அதே கனிமத்தைத் ‘தேவை’ என்று கேட்பார்கள்.

தேடும்போது எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள். டாடோலைட் பழைய புத்தகங்களில் ‘டாத்தோலைட்’ என்றும், சாபசைட் ‘சாபசி’ என்றும் இருக்கும். கணினி பழைய அச்சைப் படிக்கும்போது செய்யும் பிழைகள் வேறு. ஆகவே கனிமப் பெயரை மட்டும் நம்பாமல் ரயில் பாதையின் பெயர், பக்கத்து ஊர் என்று வேறு வேறு வழியில் தட்டிப் பாருங்கள்.

படி 3: காலத்தையும் வெட்டிய வேலையையும் பொருத்துங்கள்

இதுதான் முக்கியமான படி. பெர்கன் ஹில் என்பது ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையோரம் ஓடும் கருங்கல் மேடு. பாறை டயபேஸ் (பாறைக்குழம்பு நிலத்தடியில் உறைந்து உண்டான கருமையான கல்), வயது சுமார் 20 கோடி ஆண்டு. அதன் விரிசல்களில்தான் டாடோலைட், அபோஃபிலைட், பெக்டோலைட், நேட்ரோலைட் எல்லாம் படிந்திருந்தன. அந்த மேட்டைச் சேகரிப்பாளர்கள் யாரும் உடைக்கவில்லை. நியூயார்க் துறைமுகத்தை எட்டத் துடித்த ரயில் நிறுவனங்கள் உடைத்தன. அதுவும் பல முறை, பல இடத்தில்.

1830-களில் முதல் ரயில் பாதைக்காக மேட்டை மேலிருந்து வெட்டிப் பள்ளமாக்கினார்கள். ஈரி ரயில் பாதையின் சுரங்கவழி 1856-இல் ஆரம்பித்து 1861-இல் திறந்தது. லாக்கவான்னா நிறுவனத்தின் சுரங்கவழி 1870-களில் வந்தது. வடக்கே வீஹாக்கனில் வெஸ்ட் ஷோர் பாதைக்காக 1880-களின் தொடக்கத்தில் இன்னொன்று. 1905-க்கும் 1910-க்கும் இடையில் பென்சில்வேனியா ரயில்வே ஒரு பக்கம் குடைந்தது, ஈரி வேறொரு பக்கம் திறந்த பள்ளம் வெட்டியது.

இத்தனையிலிருந்தும் வந்த கற்களுக்கு ஒரே லேபிள்தான்: பெர்கன் ஹில். ஒரு கல் 1865-இல் ஒரு கல்லூரிச் சேகரிப்பில் சேர்ந்தது என்று தெரிந்தால், லாக்கவான்னாவும் வீஹாக்கனும் அப்போதே கழிந்துவிடும். ஈரியின் சுரங்கவழி அல்லது அதற்கு முந்தைய வெட்டு, இரண்டில் ஒன்றுதான். லேபிள் 1890-களுடையது என்றால் கழிபவை 1905-க்குப் பிந்தைய வேலைகள் மட்டும். மற்றவை களத்தில் நிற்கும், ஏனென்றால் கல் கைமாறிக் கைமாறி வந்திருக்கலாம். லேபிளின் வயது கடைசி எல்லையைத்தான் சொல்லும், தொடக்கத்தைச் சொல்லாது.

படி 4: கல்லையே கேளுங்கள்

லேபிளில் ‘ஹோபோக்கன்’ என்று இருந்தால்? அந்த ஊர் மேட்டின் அடிவாரத்தில்தான் இருக்கிறது. கனிமம் டாடோலைட் என்றால் மேட்டின் டயபேஸிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். புரூசைட் என்றால் கதையே வேறு. அது ஹோபோக்கனின் ஆற்றங்கரையில் உள்ள காஸில் பாயின்ட் என்ற செர்பன்டைன் பாறையிலிருந்து வந்தது. புரூசைட் முதன்முதலில் விவரிக்கப்பட்டதே அங்கிருந்துதான், இன்று அதன்மேல் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரி நிற்கிறது. ஊர் ஒன்று, பாறை இரண்டு. கல்லில் ஒட்டியிருக்கும் தாய்ப்பாறைத் துண்டை லென்ஸ் வைத்துப் பாருங்கள். லேபிளைவிட அது நம்பகமானது.

படி 5: பழைய வரைபடத்தில் குறியுங்கள்

அமெரிக்க நில அளவை நிறுவனத்தின் ‘டோப்போவியூ’ தளத்தில் 1880-கள் முதலான வரைபடங்கள் இலவசம். நகரப் பகுதிகளுக்கு, தீக்காப்பீட்டுக்காக வரைந்த சான்பார்ன் வரைபடங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத் தளத்தில் உள்ளன. ‘ஸ்டேஷனிலிருந்து கால் மைல் வடமேற்கே’ என்று இதழ் சொன்னால், அந்தக் காலத்து ஸ்டேஷனிலிருந்து அளக்க வேண்டும். ஸ்டேஷன் இடம் மாறியிருக்கலாம், இல்லாமலே போயிருக்கலாம். திசைகாட்டி வைத்துச் சொன்ன திசை என்றால், காந்த வடக்கு காலப்போக்கில் சில டிகிரி நகர்ந்திருப்பதையும் கணக்கில் எடுங்கள்.

படி 6: எத்தனை பேர் சொன்னார்கள் என்று பார்க்காதீர்கள், யார் பார்த்தார்கள் என்று பாருங்கள்

பட்டியல் நூல்கள் ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதப்பட்டவை. பத்து நூலில் ஒரே தகவல் இருந்தால் அது பெரும்பாலும் ஒரே ஆள் சொன்னதுதான். பின்னோக்கிப் போய் நேரில் பார்த்தவரைப் பிடியுங்கள். புகழ்பெற்ற பெயரும் ஏமாற்றும். சுமார் நாலரைக் கிலோ எடையுள்ள நியூயார்க்கின் ‘சப்வே கார்னெட்’ கிடைத்தது 1885-இல், மான்ஹாட்டனின் 35-ஆவது தெருவில் சாக்கடைக்குத் தோண்டியபோது. அந்நகரின் சப்வே, அதாவது நிலத்தடி ரயில், ஓடத் தொடங்கியதோ 1904-இல்!

படி 7: எழுதி வையுங்கள்

நேரில் போய்ப் பார்க்கலாம் என்று ஆசை வரும். பெர்கன் ஹில்லில் அது நடக்காது. வீஹாக்கன் சுரங்கவழியில் இன்று நகர ரயில் ஓடுகிறது. மற்ற இடங்களில் நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்காமல் காலடி வைக்க வேண்டாம். கைவிட்ட சுரங்கம் என்றால் அனுமதி கிடைத்தாலும் உள்ளே போகாதீர்கள்.

பழைய லேபிளைக் கிழிக்கவோ அதன்மேல் எழுதவோ கூடாது. பக்கத்தில் உங்கள் லேபிளை வையுங்கள். அதில் பழைய வாசகம் அப்படியே ஒரு வரி, உங்கள் ஊகம் ஒரு வரி, காரணம் ஒரு வரி. இப்படி: ‘லேபிள்: பெர்கன் ஹில். ஊகம்: ஈரி சுரங்கவழி அல்லது அதற்கு முந்தைய வெட்டு. காரணம்: கல்லூரிச் சேகரிப்பில் சேர்ந்தது 1865; தாய்ப்பாறை டயபேஸ்.’ ‘ஊகம்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அடுத்து வாங்குபவர் அதையே உண்மை என்று இணையத்தில் ஏற்றிவிடுவார்.