கருத்த விரலில் ஆக்சிமீட்டர்: எண்ணை எப்படிப் பார்க்க வேண்டும்

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர், கொரோனா காலத்தில் வாங்கியது, இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தோல் கருத்தவர்களுக்கு அது உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். ஆக்சிஜன் இறங்க இறங்கப் பிழையும் பெரிதாகும் என்பதுதான் ஆபத்து. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் தமனி ரத்தத்தைச் சோதித்தால், கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீத அளவீடுகளில் உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது. வெள்ளையரிடம் இது 3.6 சதவீதம்தான்.

கிளிப்புக்குள் இரண்டு ஒளிகள்: 660 நானோமீட்டர் சிவப்பு, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற விகிதத்தைக் கருவி சதவீதமாக மாற்றுகிறது. தோலின் மெலனின் சிவப்பைக் கூடுதலாக உறிஞ்சும். விகிதத்தைச் சதவீதமாக்கும் கணக்கோ தன்னார்வலர்களைச் சோதித்து எழுதப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் வெளிர்நிறத்தவர். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் 2013 வழிகாட்டுதல் கேட்டதே குறைந்தது 10 பேர். அதில் கருத்த தோலினர் இருவர் அல்லது 15 சதவீதம், எது கூடுதலோ அது. குறை தோலில் இல்லை, யாரை வைத்துச் சோதித்தார்கள் என்பதில் இருக்கிறது.

ஆகவே, நன்றாக இருக்கும்போதே உங்கள் வழக்கமான எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் பார்த்து எழுதி வையுங்கள். அளக்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுங்கள். கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். ரத்த ஓட்டம் குறைந்தால் எண் தடுமாறும். நடுவிரலில் நகம் மேலே இருக்கும்படி மாட்டி, கையை நெஞ்சில் வையுங்கள். எண் ஐந்து விநாடியாவது அசையாமல் நின்ற பிறகே எழுதுங்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகலாம்.

நகப்பூச்சை, குறிப்பாகக் கறுப்பு, நீலப் பூச்சை, அழித்துவிடுங்கள். மருதாணி இருந்தால் வேறு விரல். மெலிந்த விரலில் கிளிப் தளர்ந்து வெளி வெளிச்சம் உள்ளே புகும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இது அடிக்கடி நடக்கும். கட்டைவிரலில் மாட்டிப் பாருங்கள், வெயிலிலிருந்து விலகி உட்காருங்கள். கை நடுங்குபவர்களுக்கு முன்கையைத் தலையணையில் சாய்த்து, கூட இருப்பவர் மெல்லப் பிடித்துக்கொள்ளலாம். விரல் கிளிப்பைக் காதில் மாட்ட வேண்டாம், அளவு தவறும். கண் பார்வை குறைந்தவர் தனியாக அளப்பதானால், எண்ணை வாய்விட்டுச் சொல்லும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள்.

திரையில் தெரியும் நாடித்துடிப்பை மணிக்கட்டில் எண்ணிப் பார்த்து ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் ஆக்சிஜன் எண்ணையும் நம்ப வேண்டாம்.

கருவி 90 காட்டினால் உண்மை 86-ஆகவும் இருக்கலாம், 94-ஆகவும் இருக்கலாம். அதனால் ஓர் எண்ணைவிட இறக்கத்தைக் கவனியுங்கள். வழக்கமாக 98 காட்டுபவருக்கு 94 வந்து அங்கேயே நின்றால், மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூச்சுத் திணறல், உதடு சாம்பல் பூத்தல், குழப்பமான பேச்சு இவற்றில் ஒன்று தெரிந்தாலும், திரையில் 96 இருந்தாலும், 108-ஐ அழையுங்கள். ஆக்சிஜன் குறைந்தால் கருத்த முகத்தில் நீலம் பூப்பது எளிதில் தெரியாது. உதட்டின் உட்புறம், நாக்கு, நகக்கண் பாருங்கள். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவர் குறித்துக் கொடுத்த எல்லையைப் பின்பற்றுங்கள்.

மருத்துவமனையில் எண் நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால், எழுதி வைத்த தாளைக் காட்டி, “தமனி ரத்தம் எடுத்து ஆக்சிஜனை நேரடியாக அளக்கும் ஏபிஜி சோதனை பார்க்க முடியுமா?” என்று கேளுங்கள்.