மியூசிக்கல் பைத்தியங்களுக்கு: நான் செய்து முடித்த தவறுகள்

மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். பேச்சு ஏதாவது ஒரு மியூசிக்கலில், அதாவது பாட்டாலேயே கதை சொல்லும் மேடை நாடகத்தில், தொடங்கும். யார் வீட்டில் குழாய் ஒழுகுகிறது, யாருடைய மகன் முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்கிறான், முழங்கால் வலிக்கு என்ன செய்வது என்று சுற்றிவிட்டு மறுபடி மியூசிக்கலில் வந்து நிற்கும். பல வருடமாக இப்படித்தான். சமீபத்தில் இளசுகள் நாலு பேர் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் வாயைத் திறந்தாலே பழைய என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. அதே அவசரம், அதே தீர்ப்பு, அதே உளறல். போன தடவை ஒரு பெண் சொன்ன ஒரு வரிக்கு நான் கொஞ்சம் சத்தமாகவே பதில் சொல்லிவிட்டேன். சத்தம் போட்டதற்கு அவளிடம் மன்னிப்பு கேட்டாயிற்று. சொன்ன விஷயத்தை மட்டும் வாபஸ் வாங்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன், கூடவே வேறு சிலதும்.

செல்போனை அணைக்காமல் இருப்பது, தாமதமாக வருவது, மேடையில் பாடும்போது கூடவே பாடுவது, இதெல்லாம் எழுதப் போவதில்லை. அதைச் செய்கிறவர்கள் இதைப் படிக்கப் போவதும் இல்லை.

பாட்டு வந்ததும் எழுந்து போவது

தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. "நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஏன் திடீரென்று பாடுகிறார்கள்?" என்று நாம் கேட்கமாட்டோம். ஆனால் அந்த வசதியோடு ஒரு வியாதியும் ஒட்டிக்கொண்டு வரும்: பாட்டு என்றால் பாத்ரூம் போகிற நேரம். மியூசிக்கலில் கதை நகர்வதே பெரும்பாலும் பாட்டுக்குள்தான். பல்லவியில் முறைத்துக்கொண்டிருந்த இருவர் பாட்டு முடியும்போது கல்யாணத்துக்குத் தயாராகியிருப்பார்கள். என் முதல் மியூசிக்கலில் நான் பழக்க தோஷத்தில் எழுந்து போனேன். திரும்பி வந்தபோது காட்சி மாறும்வரை உள்ளே விடமுடியாது என்று கதவருகே நிறுத்திவிட்டார்கள். ஒருவழியாக உட்கார்ந்தால் கதாநாயகன் ஜெயிலில் இருக்கிறான். ஏன் என்பது இடைவேளையில்தான் தெரிந்தது.

ஃபிரெஞ்சுப் புரட்சி

லே மிஸரபிள் என்ற மியூசிக்கலில் வரும் தெருச் சண்டை 1789 புரட்சி கிடையாது. 1832 ஜூன் மாதம் பாரிஸில் கிளம்பி இரண்டே நாளில் நசுக்கப்பட்ட கிளர்ச்சி. யாராவது திருத்தினால் கோபப்படாதீர்கள். நான் பட்டேன்.

ஆல்பத்தைக் கேட்டுவிட்டு நாடகத்துக்குத் தீர்ப்பு சொல்வது

காஸ்ட் ஆல்பம், அதாவது நடிகர்களே பாடிப் பதிவு செய்த நாடகப் பாட்டுகள், கேட்பது தப்பே இல்லை. டிக்கெட் கிடைக்காத ஊரில், கைக்காசு இல்லாத வயதில், எங்களுக்கெல்லாம் அதுதான் நாடகம். ஆனால் கேட்டதும் பார்த்ததும் ஒன்று என்று நினைத்துப் பேசத் தொடங்கினால் அசடு வழிய வேண்டிவரும். ஹாமில்டன் என்ற மியூசிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் வந்தது, கிட்டத்தட்ட முழுக்க முழுக்கப் பாட்டு. ஆல்பத்தைக் கேட்டாலே கதை முழுவதும் புரியும். இருந்தும் ஒரு சின்னக் காட்சியை அதை எழுதிய லின்-மேனுவல் மிராண்டா வேண்டுமென்றே ஆல்பத்தில் சேர்க்கவில்லை. மேடையில் பார்ப்பவர்களுக்கென்று அதை ஒதுக்கி வைத்தார். என்ன காட்சி என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தக் காட்சி இருப்பதே தெரியாமல் அந்தப் பாத்திரத்தைப் பற்றி அரை மணி நேரம் வாதாடியவன் நான் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இதன் இன்னொரு கிளை: ஆல்பத்தில் இருக்கும் வேகமும் சுருதியும்தான் சட்டம் என்று நினைப்பது. "அந்த இடத்தில் அவர் இழுக்கவே இல்லையே" என்பார்கள். கச்சேரியில் உட்கார்ந்துகொண்டு போன வருடம் பாடிய அதே சங்கதி எங்கே என்று கேட்பவரை நாம் என்ன சொல்வோம்?

"இன்றைக்கு அண்டர்ஸ்டடியாம், டிக்கெட் வீண்"

அந்தப் பெண் சொன்ன வரி இதுதான். அண்டர்ஸ்டடி என்றால் முக்கிய நடிகர் வராத நாளில் அவருக்குப் பதிலாக நடிப்பவர்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் நியூயார்க்கில் ஒரு புதன்கிழமை மதியக் காட்சி. கூட வந்தவள் என் தோழி. படுத்த படுக்கையாக இருந்த மாமியாரை அவள் பார்த்துக்கொண்டிருந்த காலம். நாத்தனார் வந்து பொறுப்பை வாங்கிக்கொண்டதால் கிடைத்த நாலு மணி நேரம் அது. பிராட்வே மேடையை, அதாவது நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளை, அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. லாபியில் நுழைந்ததும் சுவரோரம் ஒரு பலகை: இன்றைய காட்சியில் இன்ன பாத்திரத்தில் இன்னார் நடிப்பார். அந்தப் பாத்திரம் கதாநாயகி. நான் யாருக்காக டிக்கெட் எடுத்தேனோ அவர் வரவில்லை.

பிராட்வேயில் ஒரு வழக்கம் உண்டு. நாடகத்தின் தலைப்புக்கு மேலே பெயர் போட்டிருக்கும் நட்சத்திரம் வராவிட்டால், காட்சி தொடங்குமுன் டிக்கெட் கவுண்டரில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், இல்லாவிட்டால் வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம். தலைப்புக்குக் கீழே இருக்கிற பெயர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. லண்டனின் நாடக வட்டாரமான வெஸ்ட் எண்டில் நடிகர்கள் மாறலாம் என்று டிக்கெட் விதியிலேயே பொதுவாக எழுதிவைத்துவிடுவார்கள். இந்த மாதிரி விதிகள் தெரியும் என்பதில் எனக்கு அப்போது ஏகப்பட்ட பெருமை.

"வந்தது வந்துட்டோம், பார்த்துட்டே போவோமே" என்றாள் தோழி. நான் விடவில்லை. முதல் தடவை பார்க்கிறாய், அசலைப் பார்க்க வேண்டாமா என்று பிரசங்கம் செய்து, அவளுக்கு அடுத்து ஓய்வு கிடைக்கும் நாளாகப் பார்த்து, ஐந்து வாரம் தள்ளி மாற்றி வாங்கினேன். வெளியே வந்தால் மழை. அவளுடைய நாலு மணி நேரத்தில் பாதியை ஒரு கடை வாசல் கூரைக்குக் கீழே நின்று கழித்தோம்.

மூன்றாவது வாரம், நாடகம் நிற்கப் போகிறது என்று அறிவிப்பு வந்தது. கடைசிக் காட்சி எங்கள் தேதிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. பிராட்வேயில் இது அதிசயமே இல்லை. தி ஃபான்டம் ஆஃப் தி ஓபரா மாதிரி 35 வருடம் ஓடி, 13,981 காட்சி முடித்து, 2023 ஏப்ரல் 16 அன்று விடைபெறுவதுதான் அதிசயம். வசூல் சரிந்தால் சில வாரத்திலேயே கடையைக் கட்டிவிடுவார்கள். எங்கள் பணம் மட்டும் ஒழுங்காகத் திரும்பி வந்தது.

எங்கள் கூட்டத்தில் ஒருவர் அதே மதியம், அதே காட்சியை, மாடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இரண்டாம் பாதியின் கடைசிப் பாட்டை நட்சத்திர நடிகை உச்சஸ்தாயியில் பிடித்து நிறுத்திக் கைதட்டு வாங்குவாராம். அன்றைக்கு வந்த பெண் அதே இடத்தில் குரலைப் பாதியாகக் குறைத்தாராம். இசைக்குழுவை நடத்தும் கண்டக்டர் கையைத் தூக்கியபடியே அந்தப் பெண் மூச்சு எடுப்பதற்காகக் காத்திருந்தாராம். கீழே யாரோ கைப்பையின் ஜிப்பை இழுத்த சத்தம் மாடிவரை கேட்டதாம். இதை அந்த மனிதர் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. ஒவ்வொரு முறையும் தோழி ஒன்றும் பேசாமல் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். துணி இன்னும் காயட்டும், மழை விடட்டும், அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று நான் எதைத் தள்ளிப்போட்டாலும் "ஆமா, அசலையே பார்ப்போம்" என்பாள்.

சரி, இந்த "மாற்று ஆட்கள்" யார்? அதைத் தெரிந்துகொண்டிருந்தாலே நான் அன்றைக்கு உள்ளே போய் உட்கார்ந்திருப்பேன். அண்டர்ஸ்டடி என்பவர் பெரும்பாலும் அதே நாடகத்தில் தினமும் ஒரு சின்னப் பாத்திரத்திலோ ஆடல் குழுவிலோ இருப்பவர். முக்கியப் பாத்திரத்தையும் பாடம் பண்ணி வைத்திருப்பார். ஸ்டாண்ட்பை வழக்கமாக மேடை ஏறுவதில்லை. ஒன்றிரண்டு பெரிய பாத்திரங்களுக்குத் தயாராக, கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருப்பார். ஆல்டர்நேட் என்பவருக்கு வாரத்தில் இன்ன காட்சி என்று முன்கூட்டியே ஒதுக்கியிருக்கும். ஃபான்டமில் கிறிஸ்டீன் பாத்திரத்துக்கு அப்படி ஒருவர் வாரத்தில் இரண்டு காட்சி நடித்தார்.

இவர்கள் எல்லாரையும்விட என்னை மலைக்க வைப்பது ஸ்விங். ஆடல் குழுவில் யார் விழுந்தாலும் அவர் இடத்துக்குப் போக வேண்டியவர். ஒருவருடைய நடை, ஆட்டம், குரல் வரிசை, உடை மாற்றம், எந்த நாற்காலியை எப்போது தள்ள வேண்டும் என்பது வரை எல்லாம் சேர்ந்தது ஒரு டிராக். அப்படிப் பல டிராக் ஸ்விங்கின் தலைக்குள் இருக்கும். மேடையின் முன்விளிம்பில் நடுவில் பூஜ்யம் வைத்து இரண்டு பக்கமும் எண்கள் எழுதியிருப்பார்கள். ஸ்விங்கின் நோட்டைத் திறந்தால் இந்த எண்களும் அம்புக்குறிகளும் கலர் பேனாவும்தான்: இன்னார் 4-இல் நிற்பார், எட்டு எண்ணிக்கையில் 10-க்குப் போவார், இன்னாருக்குப் பின்னால் போகவேண்டும், முன்னால் போனால் இடித்துக்கொள்வார்கள். ஒரே நாளில் ஆள் நிறையக் குறைந்தால் இரண்டு டிராக்கை வெட்டி ஒட்டி ஒருவரே ஆடுவதும் உண்டு. நீங்கள் சீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்கவே முடியாது.

2021 டிசம்பரில் கொரோனா பிராட்வேயை மறுபடி போட்டு உலுக்கியபோது, தி மியூசிக் மேன் நாடகத்தில் கதாநாயகி சட்டன் ஃபாஸ்டருக்குப் பதில் கேத்தி வாய்ட்கோ என்ற ஸ்விங் மேடையேறினார். காட்சி முடிந்ததும் கூட நடித்த ஹ்யூ ஜாக்மன் ரசிகர்களை நிறுத்தி, இந்த ஸ்விங்குகளும் அண்டர்ஸ்டடிகளும்தான் பிராட்வேயின் அஸ்திவாரம் என்று பேசினார். 1954-இல் தி பஜாமா கேம் நாடகத்தில் கரோல் ஹேனிக்குக் கணுக்கால் அடிபட்டு, ஷெர்லி மெக்லேன் என்ற அண்டர்ஸ்டடி வந்து நின்றார். அவரைப் பார்த்த ஒரு தயாரிப்பாளர் சினிமாவுக்கு அழைத்துப் போனார். அன்றைக்கும் யாராவது என்னைப் போல டிக்கெட்டை மாற்றிக்கொண்டு போயிருப்பார்கள். சிறுவர்களே நடித்த நம் பாய்ஸ் கம்பெனிகளிலும் ஒரு பையனுக்கு மகரக்கட்டு உடைந்தால் அடுத்தவன் வந்து நின்றுதான் நாடகம் நடந்தது.

வாரத்துக்கு எட்டுக் காட்சி, ஒருநாள்தான் விடுமுறை. தொண்டையும் முட்டியும் எவருக்கும் இரும்பில் செய்ததில்லை. ஒரு குறிப்பிட்ட நடிகரைத்தான் பார்க்கவேண்டும் என்றால், அவர் விடுப்பு அறிவித்திருக்கிறாரா, ஆல்டர்நேட் எந்த நாள் நடிக்கிறார் என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். அப்படியும் வராமல் போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை லாபியில் நின்று சத்தமாகச் சொல்லாதீர்கள். தன் முறை வந்துவிட்டது என்று அந்த மாற்று நடிகை போன் பண்ணிச் சொல்லி, அவளுடைய வீட்டார் அரக்கப்பரக்க ஓடி வந்து உங்களுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருப்பார்கள்.

பிரிவியூவில் பார்த்துவிட்டு "ஃபிளாப்" என்பது

பிரிவியூ என்பது டிக்கெட் விற்று நடத்தும் ஒத்திகை மாதிரி. பாட்டு வரும், போகும், காட்சி இடம் மாறும். 1962-இல் எ ஃபன்னி திங் ஹாப்பண்ட் ஆன் தி வே டு தி ஃபோரம் பிராட்வேக்கு வருவதற்கு முன் வெளியூரில் தள்ளாடியது. முதல் பாட்டை மாற்றினார்கள், நாடகம் எழுந்து நின்றுவிட்டது. லே மிஸரபிள் 1985-இல் லண்டனில் தொடங்கியபோது விமர்சகர்கள் பலர் திட்டித் தீர்த்தார்கள். அது பல பத்து வருடம் ஓடியது. மெரிலி வீ ரோல் அலாங் 1981-இல் 16 காட்சியோடு மூடப்பட்டது. அதே நாடகம் 2023-இல் பிராட்வேக்குத் திரும்பி வந்து, அடுத்த வருடம் சிறந்த மறுமேடையேற்றத்துக்கான டோனி விருது, பிராட்வே நாடகங்களுக்கான பெரிய விருது, வாங்கியது.

"பழைய நாடகம்தானே, முடிவு எல்லாருக்கும் தெரியும்"

தெரியாது. சொல்லாதீர்கள்.

நண்பரின் கஷ்டத்துக்குப் பாட்டு வரியில் பதில் சொல்வது

இது மேடையைப் பற்றியது இல்லை, எங்கள் பேச்சைப் பற்றியது. நாடகமும் வீட்டுக் கதையும் ஒரே மேஜையில் ஓடுவதால், எதற்கெடுத்தாலும் ஒரு வரி பாடுகிற பழக்கம் எங்கள் எல்லாருக்கும் உண்டு. பஸ் தவறியதா, ஒரு வரி. மேலதிகாரி திட்டினாரா, ஒரு வரி. ஒருநாள் ஒரு நண்பர், வேலை போய்விட்டது என்றார். வழக்கம்போல நான் பாடிவிட்டேன். இரண்டு பேர் சேர்ந்துகூடப் பாடினார்கள். அவர் சிரித்தார், கைப்பையை எடுத்துக்கொண்டார், அடுத்த மூன்று மாதம் வரவில்லை. இப்போது யாராவது வீட்டு விஷயம் பேச ஆரம்பித்தால் முதலில் வாயை மூடிக்கொள்கிறேன். பாடலாமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்டேஜ் டோரில் நிற்பது

ஸ்டேஜ் டோர் என்பது நடிகர்கள் வந்து போகும் பின்வாசல்; ரசிகர்கள் அங்கே காத்து நிற்பார்கள். மதியக் காட்சி முடிந்து நடிகர்கள் வெளியே வரவில்லை என்றால் அது திமிர் இல்லை. இன்னும் இரண்டு மூன்று மணி நேரத்தில் மறுபடி மேக்கப் போடவேண்டும்.

வந்தால், "உங்களுக்கு முன்னால் நடித்தவர் இதை வேறு மாதிரி செய்வார்" என்று ஆரம்பிக்காதீர்கள். கையில் இருக்கும் பிளேபிலையும், அதாவது நடிகர் விவரம் போட்ட நிகழ்ச்சிப் புத்தகத்தையும், கொஞ்சம் முன்கூட்டியே புரட்டி வைத்துக்கொள்ளுங்கள். நான் புரட்டவில்லை. கதாநாயகனோடு படம் எடுத்துக்கொள்ள ஆள் தேடி, அதே கதவு வழியாக அப்போதுதான் வெளியே வந்த ஒரு பெண்ணிடம் போனை நீட்டினேன். தோளில் பையோடு நின்று, வெளிச்சம் என் முகத்தில் விழும்படி என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி, மூன்று படம் எடுத்துக் கொடுத்தார். ரயிலில் பிளேபிலைத் திறந்தால் அவர் முகம், பெயர், பக்கத்தில் ஸ்விங் என்று ஒரு சொல். அன்றைக்கு யாருக்குப் பதில் யார் என்று உள்ளே செருகியிருந்த சீட்டிலும் அவர் பெயர் இருந்தது. அன்றைக்கு மேடையில் இரண்டரை மணி நேரம் அவரைத்தான் பார்த்திருக்கிறேன்.