தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகாதீர்கள்

பெங்களூரில் ராமநவமி சமயம் சாமராஜப்பேட்டை கோட்டைப் பள்ளி மைதானத்துக்குக் கச்சேரி கேட்கப் போகிறீர்களா? பாட்டு நின்று தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபிக்கு எழுந்துவிடாதீர்கள், பாவம் அந்த மிருதங்கக்காரர்.

ஆதி தாளம் என்றால் நீங்களும் கையில் போடுங்கள். ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல் எண்ணிக்கை, அப்புறம் தட்டி வீசுவது இரண்டு முறை. மொத்தம் 8. இரண்டு களை என்றால் ஒவ்வொன்றும் இரண்டிரண்டாக வரும். தவறிவிட்டால் பாடகரின் கையைப் பாருங்கள். மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து, கடைசியில் சேர்ந்து கோர்வை என்ற முடிப்பை வைக்கும்போது, பாடகர் விட்ட வரியை எடுக்கும் இடம் உங்கள் கைக்கே தெரியும். அந்தச் சிலிர்ப்பு நேரில்தான் கிடைக்கும். குழந்தைகளை மிருதங்கம் இருக்கும் பக்கமாக உட்கார வையுங்கள்.