சொகுசுக் கப்பலில் டிப்ஸ்: பில்லில் போவது எவ்வளவு, கையில் கொடுப்பது எவ்வளவு

சொகுசுக் கப்பலில் ஏறிய அன்றே டிப்ஸ் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கம்பெனி உங்கள் அறைக் கணக்கில் தினமும் ஏற்றிக்கொண்டே போகும். இதற்குப் பெயர் கிராஜுவிட்டி. சில கம்பெனிகள் சர்வீஸ் சார்ஜ் என்பார்கள். இது தெரியாமல் வெயிட்டர் கையில் தினமும் பணம் திணிப்பவர்களும் உண்டு, கடைசி நாள் பில்லைப் பார்த்துக் கவுண்டரில் சண்டை போடுபவர்களும் உண்டு. ஏறுவதற்கு முன்பே கணக்குப் போட்டுவிட்டால் இரண்டுக்கும் வேலை இல்லை.

ராயல் கரீபியன் கப்பல் கம்பெனியில் 2025 நிலவரப்படி சாதாரண அறைக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 18.50 டாலர், சூட் அறைக்கு 21 டாலர். இன்னொரு கம்பெனியான நார்வீஜியனில் சாதாரண அறைக்கு 20, ஹேவன் என்னும் விலை கூடிய பகுதியின் சூட்களுக்கு 25. இந்த விலைகள் அடிக்கடி ஏறும். பதிவு செய்யும் அன்று கம்பெனியின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மயாமியிலிருந்து கிளம்பும் 7 இரவுப் பயணம், பால்கனி அறை, நான்கு பேர் என்று வையுங்கள்: 18.50 × 4 × 7 = 518 டாலர். நாள் கணக்கு இரவைப் பொறுத்தது; 7 இரவு என்றால் 7 நாள்தான், 8 அல்ல. கைக்குழந்தைக்கும் ராயல் கரீபியனில் முழுத்தொகை உண்டு. கார்னிவலில் 2 வயதுக்குக் கீழும் நார்வீஜியனில் 3 வயதுக்குக் கீழும் கிடையாது. ரீஜென்ட், சில்வர்சீ, சீபோர்ன் போன்ற விலை கூடிய கப்பல்களில் டிக்கெட்டிலேயே எல்லாம் அடங்கிவிடும்.

டிராவல் ஏஜென்ட் மூலம் போகிறவர்கள் ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்: "இந்த விலையில் கிராஜுவிட்டி சேர்ந்திருக்கிறதா?" "எல்லாம் உட்பட" என்று வாயால் சொல்லும் விலையில் துறைமுக வரி இருக்கும், சாப்பாடு இருக்கும், இது மட்டும் இருக்காது.

முன்கூட்டியே கட்டுவதா, கப்பலில் கட்டுவதா? பெரும்பாலோருக்கு முன்கூட்டியே கட்டுவதுதான் நல்லது. நடுவில் விலை ஏறினாலும் பொதுவாக உங்களுக்குப் பழைய விலைதான். பயணம் ரத்தானால் இந்தத் தொகையும் திரும்பி வரும். இந்தியாவில் வாங்கிய கிரெடிட் கார்டைக் கப்பல் கணக்கோடு இணைத்தால் ஒவ்வொரு டாலர் செலவுக்கும் 2 முதல் 3.5 சதவீதம் வரை மாற்றுக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் போகும். டிக்கெட்டோடு சேர்த்து ரூபாயில் கட்டிவிட்டால் அந்த 518 டாலருக்காவது அது மிச்சம். ஒரே ஒரு விதிவிலக்கு: பதிவு செய்தபோது சலுகையாக 'ஆன்போர்டு கிரெடிட்', அதாவது கப்பலுக்குள் செலவழிக்க உங்கள் கணக்கில் வைக்கும் தொகை, கிடைத்திருந்தால், அது செலவழிக்காவிட்டால் திரும்பி வராத வகையா என்று பாருங்கள். அந்த வகை என்றால் முன்கூட்டியே கட்டாதீர்கள். கப்பலில் தினசரி கிராஜுவிட்டி அந்த கிரெடிட்டிலிருந்தே கழியும். இல்லாவிட்டால் கடைசி நாளில் அதைத் தீர்ப்பதற்காகவே தேவையில்லாத டி-ஷர்ட் வாங்க வேண்டியிருக்கும்.

இந்தப் பணம் அறையைச் சுத்தம் செய்யும் ஸ்டுவர்ட், சாப்பாட்டுக் கூடத்தின் வெயிட்டர், உதவி வெயிட்டர், ஹெட் வெயிட்டர் ஆகியோருக்கும், நம் கண்ணில் படாத சலவை, சுத்தப் பணியாளர்களுக்கும் பிரிகிறது. கப்பல்கள் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியில் ஓடுவதால் அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இவர்களுக்குப் பொருந்தாது. ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தத்தில் வந்து வேலை பார்க்கும் பிலிப்பினோ, இந்தோனேசிய, இந்தியப் பணியாளர்களின் வருமானத்தில் பெரும்பங்கு இதுதான்.

பார், ஸ்பா, கேசினோ, குழந்தைகள் கிளப் ஆட்கள் இந்தத் தொகுப்பில் வழக்கமாகச் சேரமாட்டார்கள். பாருக்கும் ஸ்பாவுக்கும் தனி வசூல் உண்டு. அங்கேதான் பலரும் இரண்டு முறை கொடுத்து ஏமாறுகிறார்கள்.

14 டாலர் காக்டெயில் ஒன்று வாங்கினால் 18% தானாகச் சேர்ந்து 16.52 ஆகிவிடும். சில கம்பெனிகளில் 20%. கையெழுத்துக்கு நீட்டும் சீட்டை உற்றுப் பாருங்கள்: நடுவில் கிராஜுவிட்டி என்று 2.52 ஏற்கெனவே அச்சாகியிருக்கும். அதற்குக் கீழே 'கூடுதல் டிப்' என்று ஒரு வெற்றுக் கோடு, அதற்கும் கீழே மொத்தம் என்று இன்னொரு கோடு. அமெரிக்க ஓட்டல் பழக்கத்தில் கை தானாக அந்தக் கோட்டில் 3 டாலர் எழுதிவிடும். எழுதக் கூடாது என்றில்லை; தெரிந்து எழுதுங்கள். எழுத விருப்பமில்லாவிட்டால் குறுக்குக் கோடு போட்டு மொத்தத்தை நிரப்பிவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஸ்பா சீட்டும் இதே கதைதான்.

டிரிங்க்ஸ் பேக்கேஜ் (நாளுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டிவிட்டுக் குடிப்பது) வாங்கினால் அந்த 18% வாங்கும்போதே போய்விடும், ஒவ்வொரு கோப்பைக்கும் மறுபடி கிடையாது. ஒரு நாளைக்கு 80 டாலர் என்று போட்டிருக்கும் பேக்கேஜ் உண்மையில் 94.40. 'இலவசம்' என்று டிக்கெட்டோடு வரும் பேக்கேஜிலும் கவனம் தேவை: நார்வீஜியனில் மதுப் பேக்கேஜ் இலவசமாகக் கிடைத்தாலும் அதன் பட்டியல் விலைக்கு 20% கிராஜுவிட்டி கட்ட வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 20 டாலரைத் தாண்டும் அது. குடிக்காதவர்கள் அந்தச் சலுகையை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

இனி கையில் கொடுப்பது. கட்டாயம் எதுவும் இல்லை. தானாகப் போகும் தொகையே டிப்ஸ்தான், அதோடு நிறுத்திக்கொண்டாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் உங்களுக்காகத் தனியாக மெனக்கெட்டவருக்கு நேரடியாகக் கொடுப்பது நியாயம். 7 இரவுக்கு அறை ஸ்டுவர்டுக்கு 20 முதல் 50 டாலர், வெயிட்டருக்கு 20 முதல் 40, உதவி வெயிட்டருக்கு அதில் பாதி. இது மொத்த அறைக்கும், தலைக்கு அல்ல. அறைக்கு உணவு கொண்டுவருபவருக்கு 2 அல்லது 3 டாலர். சீருடையில் கோடு போட்ட அதிகாரிகளுக்கும் கேப்டனுக்கும் டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. நன்றி போதும்.

ஹெட் வெயிட்டர் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. பெரிய கப்பல்களில் பலவற்றில் இந்திய சைவ உணவு கேட்டால் அவர் முதல் நாள் இரவே வந்து நாளைக்கு என்ன வேண்டும் என்று எழுதிக்கொண்டு போவார். பருப்பு, பனீர், காரம் கூடுதலாக, வெங்காயம் பூண்டு இல்லாமல் என்றெல்லாம் சொல்லி, வாரம் முழுக்க அது மேஜைக்கு வந்திருந்தால் 20 டாலருக்குக் குறையாமல் கொடுங்கள். ஒரு நாளும் மேஜைப் பக்கம் வராமல் கடைசி இரவு மட்டும் சிரித்துக்கொண்டு வந்து நலம் விசாரிக்கும் ஹெட் வெயிட்டருக்குத் தனியாக ஒன்றும் தேவையில்லை.

இதற்கெல்லாம் சில்லறை நோட்டு வேண்டும். ஊரில் டாலர் மாற்றும்போது 100 டாலர் நோட்டாகவே தள்ளிவிடுவார்கள். முன்பே சொல்லி வைத்து 1 டாலர் நோட்டு 30, 5 டாலர் நோட்டு 10, 20 டாலர் நோட்டு 4 வாங்குங்கள். மொத்தம் 160 டாலர், தாராளமாகப் போதும். கப்பல் ஏடிஎம்மில் கட்டணம் கூடுதல், கெஸ்ட் சர்வீசஸ் கவுண்டரில் கடைசி நாளில் சில்லறை தீர்ந்துபோகும். வெளிநாட்டுச் சில்லறைக் காசுகளைக் கொடுக்காதீர்கள், அவற்றை எங்கும் மாற்ற முடியாது. ரூபாய் நோட்டு இந்தியருக்குப் பயன்படும், இந்தோனேசியருக்கு அது வெறும் காகிதம்.

எப்போது கொடுப்பது? வெயிட்டருக்குக் கடைசி இரவுச் சாப்பாடு முடிந்ததும். ஸ்டுவர்டுக்கும் கடைசி மாலையே கொடுத்துவிடுங்கள். அன்று இரவு பெட்டிகளை வாசலில் வைக்கச் சொல்வார்கள், மறுநாள் காலை அவர் அடுத்த பயணிகளுக்காக அத்தனை அறைகளையும் மாற்றிக்கொண்டிருப்பார், பிடிக்க முடியாது. கவர் கெஸ்ட் சர்வீசஸில் கேட்டால் கிடைக்கும். மேலே அவர் பெயரும் உங்கள் அறை எண்ணும் எழுதுங்கள். நடுவில் பணத்தை மேஜையில் வெறுமனே விட்டுப் போகாதீர்கள், உங்கள் பணம் என்று நினைத்து அவர் தொடமாட்டார். கூடுதல் தலையணை, தினமும் ஐஸ், குழந்தைக்குத் தொட்டில் என்று வேலை அதிகம் வாங்கப்போகிறவர்கள் பாதித் தொகையை முதல் நாளே கொடுத்துவிட்டுக் கேட்பது கெட்டிக்காரத்தனம்.

கரையில் கணக்கே வேறு. மயாமித் துறைமுகத்தில் பெட்டி வாங்கும் போர்ட்டர்கள் கப்பல் ஊழியர்கள் அல்ல. பெட்டிக்கு 1 அல்லது 2 டாலர். பேருந்துச் சுற்றுலாவில் வழிகாட்டிக்கு ஆளுக்கு 2 முதல் 5, டிரைவருக்கு 1 அல்லது 2. வழியில் கப்பல் நிற்கும் பஹாமாஸின் நசாவிலும் மெக்சிகோவின் கோசுமெலிலும் டாலர் செல்லும். சிங்கப்பூரிலிருந்து கப்பல் ஏறுபவர்களுக்கு: கரையில் டிப்ஸ் வழக்கம் இல்லை, ராயல் கரீபியன் கப்பலுக்குள் நுழைந்ததும் மேலே சொன்ன டாலர் கணக்குதான்.

சேவை மோசம் என்றால் தானியங்கித் தொகையைக் குறைக்கச் சொல்லப் பல கம்பெனிகளில் வழி உண்டு. ஆனால் அறை அழுக்காக இருந்தால் இரண்டாம் நாளே கவுண்டரில் சொல்லுங்கள், சரிசெய்ய அவர்களுக்கு நேரம் இருக்கும். கடைசி நாள் மொத்தத் தொகையையும் நீக்கினால் தவறு செய்தவரோடு சலவைக்காரருக்கும் சேர்த்து நட்டம். "நீக்கிவிட்டு நானே கையில் கொடுக்கிறேன்" என்பதும் சரிப்படாது. சில கப்பல்களில், தொகையை நீக்கிய அறையிலிருந்து வரும் பணத்தை ஊழியர் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது.

பணம் செலவில்லாத ஒரு உதவியும் உண்டு. பயணம் முடிந்ததும் மின்னஞ்சலில் வரும் கருத்துப் படிவத்தில் அவர் பெயரை, பெயர்ப் பட்டையில் இருக்கும் அதே எழுத்துக்களில், வேலை பார்த்த இடத்தோடு எழுதுங்கள். பதவி உயர்வுக்கு இது கணக்கில் வரும். குழந்தைகள் கிளப் ஆட்களுக்கு இதுதான் முக்கியம்.

கடைசி இரவு, கப்பலின் செயலியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ பில்லைத் திறந்து கிராஜுவிட்டி வரிகளை மட்டும் எண்ணுங்கள். முன்கூட்டியே கட்டியிருந்தும் தினசரித் தொகை ஏறியிருந்தால் ரசீதோடு அன்று இரவே கவுண்டருக்குப் போங்கள். காலையில் போனால் வரிசை நீளமாக இருக்கும், உங்கள் மாடியில் இருப்பவர்களை இறங்கச் சொல்லி அறிவிப்பும் வந்துவிடும்.