லினக்ஸில் இணையதளத்தைச் செயலியாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாட்ஸ்அப்பையும் மின்னஞ்சலையும் முப்பது தாவல்களுக்கு நடுவே தேடிக்கொண்டிருப்பதைவிட, தனிச் சின்னமும் தனிச் சாளரமுமாக வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல். ஆனால் அந்தச் சாளரத்துக்குள் ஓடுவது உலாவிதான். இதை மறப்பவர்கள்தான் சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பழைய வழிகாட்டிகளை நம்பி, இணையதளத்தைச் செயலியாக மாற்றித்தரும் நேட்டிவ்ஃபயர் என்ற கருவியை நிறுவுவதுதான் நான் அதிகம் அஞ்சும் தவறு. அதன் பராமரிப்பு 2023இல் நின்றுவிட்டது. அது உருவாக்கும் ஒவ்வொரு செயலிக்குள்ளும் எலக்ட்ரான் என்ற மென்பொருள் கட்டமைப்பு வழியாக ஒரு முழுக் குரோமியம் உலாவி அடங்கியிருக்கும். இடம் விழுங்குவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நீங்கள் கணினியை முழுதாகப் புதுப்பித்தாலும் உள்ளே இருக்கும் அந்தக் குரோமியம் மட்டும் பழையதாகவே கிடக்கும். பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாத உலாவியில் வங்கிக் கணக்கைத் திறப்பீர்களா? குரோம் அல்லது குரோமியத்தின் மெனுவிலிருந்தே தளத்தைச் செயலியாக நிறுவுங்கள். இல்லையென்றால் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையில் 20.1 பதிப்பு முதல் வரும் வெப் ஆப் மேனேஜர் என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். இரண்டிலும் உலாவி புதுப்பிக்கப்படும்போது செயலியும் கூடவே புதுப்பிக்கப்பட்டுவிடும். ஃபயர்பாக்ஸின் மறைவான அமைப்பு ஒன்றை மாற்றி இதைச் செய்யச் சொல்லும் குறிப்புகளும் இன்னும் உலவுகின்றன. அந்தச் சோதனை வசதியை மொசில்லா 2021 தொடக்கத்திலேயே நீக்கிவிட்டது.

அடுத்தது கணக்குக் குழப்பம். உலாவி மெனு வழியே நிறுவிய செயலி, உலாவியின் அதே சுயவிவரத்தையும், உள்நுழைவை நினைவில் வைக்கும் குக்கிகளையும்தான் பகிர்ந்துகொள்கிறது. அலுவலக அஞ்சலுக்கென்று தனிச் சாளரம் வைத்துவிட்டேன் என்று நம்பி, என் சொந்தக் கணக்கிலிருந்து ஒரு முக்கியக் கடிதத்தை அனுப்பிவிட்டேன். கணக்குகள் உண்மையாகவே பிரிந்திருக்க வேண்டுமானால் வெப் ஆப் மேனேஜரில் தனிமைப்படுத்திய சுயவிவரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருமுறை மீண்டும் உள்நுழைய வேண்டியிருக்கும், நினைவகமும் கூடுதலாகச் செலவாகும். ஆகவே எல்லாத் தளங்களுக்கும் இதைச் செய்யாதீர்கள்.

செயலியின் பெயர், சின்னம், கட்டளை ஆகியவற்றைக் குறிக்கும் டெஸ்க்டாப் கோப்பைக் கையால் எழுதுபவர்கள், சாளரம் எந்தச் செயலிக்கு உரியது என்று சொல்லும் ஸ்டார்ட்அப்-டபிள்யூஎம்-கிளாஸ் (StartupWMClass) வரியை விட்டுவிடுகிறார்கள். விளைவு: செயலியின் சாளரம் தன் சின்னத்தில் சேராமல் உலாவியின் சின்னத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். க்னோம் என்ற டெஸ்க்டாப் சூழலில் ஆல்ட், எஃப்2 விசைகளைச் சேர்த்து அழுத்தி, எல்ஜி (lg) என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தில் தட்டச்சு செய்தால், சாளரங்களின் பட்டியலில் சரியான பெயர் தெரியும். அதை எழுத்துப் பிசகாமல் அந்த வரியில் இடுங்கள்.

சாளரத்தையும் உலாவியையும் முழுதாக மூடிவிட்டு, அறிவிப்பு வரவில்லையே என்று காத்திருக்காதீர்கள். பின்னணியில் உலாவி ஓடினால்தான் அறிவிப்பு வரும்.

செயலியை நீக்கும்போது குரோம் ஒரு பெட்டியைக் காட்டி, அந்தத் தளத்தின் தரவையும் அழிக்கட்டுமா என்று கேட்கும். சுயவிவரம் பொதுவானது என்பதால், அங்கே குறியிட்டால் உலாவியிலும் அந்தத் தளத்திலிருந்து வெளியேறிவிடுவீர்கள். கடவுச்சொல் கைவசம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு குறியிடுங்கள்.