பம்புத் தொழிற்கூடத்தில் மூலப்பொருள் தேவையைக் கணக்கிடும் முறை

கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு தயாரிக்கும் ஒரு தொழிற்கூடம் ஈஆர்பி மென்பொருளை (கொள்முதல், கிடங்கு, உற்பத்திக் கணக்குகளை ஒரே இடத்தில் வைக்கும் மென்பொருள்) நிறுவியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரு பம்பைப் பிரித்து மேசைமேல் பரப்பி, இம்பெல்லர் (நீரைத் தள்ளும் சுழல்சக்கரம்), ஷாஃப்ட், பேரிங் தொடங்கிக் கடைசி வாஷர் வரை எண்ணி, உறுப்புப் பட்டியலைச் சரிபார்ப்பதுதான். அந்தப் பட்டியல் பிழையானால் பின்வரும் கணக்கு எதுவும் தேறாது.

எட்டாம் வாரத் தொடக்கத்தில் 200 பம்புகளை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பம்புக்கு 2 பேரிங் வீதம் மொத்தத் தேவை 400. கிடங்கில் 150, ஏற்கெனவே கொடுத்த ஆர்டரில் வரவேண்டியவை 100 என்றால், நிகரத் தேவை, அதாவது புதிதாக வாங்க வேண்டியவை, 150. பொருத்தும் வேலைக்கு 1 வாரமும் பேரிங் வந்துசேர 3 வாரமும் பிடிக்குமானால், நான்காம் வாரத் தொடக்கத்திலேயே கொள்முதல் ஆணை போயாக வேண்டும்.

இம்பெல்லர் போன்ற வார்ப்பு உறுப்புகளுக்கு, வார்க்கும்போது பழுதாகிக் கழிபவற்றையும் சேர்க்க வேண்டும். நூற்றுக்கு 5 கழியுமிடத்தில், 190 நல்ல இம்பெல்லர் தேவையென்றால் 200 வார்க்க வேண்டும்.

இவை அனைத்தையும் மென்பொருள் நொடியில் போட்டுவிடும். ஆனால் இரவு ஷிப்டில் அவசரத்துக்கு எடுத்த நான்கு பேரிங்குகளை யாரும் பதியாவிட்டால், திரையில் தெரியும் கையிருப்பு பொய்யாகிவிடும். ஆகவே வாரந்தோறும் சில பொருட்களையேனும் கையால் எண்ணி, திரையிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகே கணக்கை ஓட்டுங்கள்.